குளிர்சாதனத்தில் வாயு தீருமா?

வேலூர்க் கோடையைப் பற்றி நம் கல்லூரியில் பயிலும் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மே மாதத்தில் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அன்று. பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் என் பாட்டியின் அறையில் பதினைந்து ஆண்டுகள் உழைத்த ஜன்னல் ஏ.ஸி.யைச் சென்ற கோடையில் மாற்றினோம். அதையொட்டி, இயற்பியல் மாணவன் என்ற முறையில் நான் அறிந்தவற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மூன்று கோடைகளாக மெக்கானிக், "கேஸ் தீர்ந்துபோச்சு சார், அடைச்சா சரியாயிடும்" என்பார். அப்பாவும் பணம் கொடுப்பார். சமையல் எரிவாயு எரிந்து தீர்கிறது. குளிர்சாதன வாயுவோ எரிவதுமில்லை, செலவாவதுமில்லை. அறைப்பக்கச் சுருள்குழாயில் அது திரவ நிலையிலிருந்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி வெளிப்பக்கச் சுருளுக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. பின் நுண்குழாய் வழியே அழுத்தம் குறைந்து, புறப்பட்ட இடத்திற்கே திரும்புகிறது. இது மூடிய சுற்று. வாயு குறைந்தால் எங்கோ கசிவு உள்ளது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் வாயுவை நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதுதான்!

எங்கள் பெட்டியில் இருந்தது ஆர்-22 என்னும் வாயு. அதிலுள்ள குளோரின் ஓசோன் படலத்தைச் சிதைக்கிறது. 1 கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்கு ஒப்பான வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 1987-இல் உருவான மான்ட்ரீல் உடன்படிக்கையின்படி, 2030-க்குள் இதை ஏறக்குறைய முற்றிலும் கைவிட இந்தியா உடன்பட்டிருக்கிறது. புதிய பெட்டிகளில் பரவலாக உள்ள ஆர்-32 ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் அதைப் பழைய பெட்டியில் நிரப்ப இயலாது. அதன் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல். அதற்கான மசகெண்ணெயும் வேறு. சிறிதளவு தீப்பற்றும் இயல்பும் அதற்கு உண்டு. ஆகவே முழுப் பெட்டியையும் மாற்றுவதே வழி என்றாயிற்று.

கடையில் முதற் கேள்வி, "எத்தனை டன்?" என்பது. இது பெட்டியின் எடையன்று. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பமே ஒரு டன் குளிர்ச்சி; சுமார் 3.5 கிலோவாட். பனிக்கட்டியை வாணிபம் செய்த காலத்தின் நினைவு அச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த சென்னை ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாகக் கடற்கரையில் நிற்கிறது.

கடைக்காரர் ஒன்றரை டன்னைப் பரிந்துரைத்தார். பத்துக்குப் பன்னிரண்டடி அறைக்கு அது மிகை என்பது என் கருத்து. தேவைக்கு மீறிய பெட்டி விரைவில் குளிர்வித்து நின்றுவிடும். காற்றின் ஈரம் போதிய அளவு வெளியேறாது. அறைக்கு மேலே வெயிலில் காயும் கான்கிரீட் தளந்தான் உண்மையான எதிரி. எனவே முதலில் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தோம். பிறகு ஒரு டன் இன்வெர்ட்டர் வகையை வாங்கினோம். இன்வெர்ட்டர் என்றதும் மின்வெட்டுக்கு உதவும் பாட்டரிப் பெட்டி என எண்ணவேண்டாம். கம்ப்ரஸரை நிறுத்தி நிறுத்தி ஓட்டாமல், அதன் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு அது; மின்சாரம் மிச்சமாவது அதனால்தான். 26 டிகிரியும் மெதுவாகச் சுழலும் மின்விசிறியும் பாட்டிக்குப் போதுமாயிருக்கின்றன.

பழைய பெட்டி எஞ்சியது. செப்புக் குழாய்க்காக அதை எடைக்குக் கேட்டவர், குழாயை வெட்டி வாயுவைத் திறந்துவிடுவதே வழக்கம் என்றார். மிச்ச வாயுவை உருளையில் உறிஞ்சிச் சேகரிக்கும் கருவி உள்ள வேறொருவரைத் தேடிப் பிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. "போகிற பெட்டிக்கும் கூலியா?" என்று கேட்டுக்கொண்டேதான் அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்தார்.