வானூர்திப் பயிற்சியும் பொருளுதவியும்

ஏனைய கல்விக்கு நூலை இரவல் பெறலாம். கைவிளக்கின் ஒளியிலும் கற்கலாம். விமானம் ஓட்டும் கல்விக்கு அவ்வழி இல்லை. மாணவன் வானிலே கழிக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் எரிபொருளும் ஆசிரியரின் வேதனமும் இயந்திரத்தின் தேய்மானமும் கணக்கில் ஏறும். ஆதலால், இத்தொழிலைக் கற்போர் யாவர் என்பதைப் பெரும்பாலும் பணமே தீர்மானித்து வந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு இதனை நன்கு புலப்படுத்தும்.

பெஸி கோல்மன் கறுப்பினத்தவர்; பெண். எனவே அந்நாட்டு விமானப் பள்ளிகள் அவரை ஏற்க மறுத்தன. சிக்காகோ நகரில் நகங்களை ஒப்பனை செய்யும் தொழிலால் அவர் சேர்த்த சிறுதொகையுடன், பத்திரிகை அதிபர் றொபேட் அபட், வங்கியாளர் ஜெசி பிங்கா ஆகியோரின் உதவியும் சேர்ந்தது. அவர் பிரான்சுக்குச் சென்று, 1921ஆம் ஆண்டு யூன் 15ஆம் நாள் விமானி அநுமதிப் பத்திரம் பெற்றார். இத்தகைய கொடையாளர் எத்தனை பேருக்கு வாய்ப்பர்?

1939இல் அரசாங்கமே அப்பணியை மேற்கொண்டது. உலகப்போர் நெருங்கிய வேளையில், குடிமக்களை விமானிகளாக்கும் திட்டம் சட்டமாயிற்று. கல்லூரி மாணவருக்கு 72 மணித்தியால வகுப்பறைப் பாடமும், 35 முதல் 50 மணித்தியாலம் வரை பறக்கும் பயிற்சியும் அரசின் செலவில் கிடைத்தன. இனத்தின் பெயரால் எவரையும் விலக்கலாகாது என்னும் விதியும் அச்சட்டத்தில் இருந்தது. ஒரு சிறு வாசகந்தான். ஆயினும் அதனாலேயே கறுப்பின மாணவர் பயின்ற டஸ்கீகிக் கல்லூரிக்கு வழி திறந்தது. பெண்களுக்கோ பத்தில் ஓர் இடமே. 1941இல் அதுவும் மூடப்பட்டது. 1944இல் திட்டம் முடிவதற்குள் நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் பயின்றிருந்தனர்.

போரிலிருந்து மீண்ட வீரருக்கென 1944இல் இயற்றப்பட்ட சட்டம், ஆண்டுக்கு 500 டொலர் வரை கல்விக் கட்டணம் வழங்கியது. பொழுதுபோக்காகப் பறக்கப் பழகியோரும் அதனைப் பயன்படுத்தினர். 1948இல் காங்கிரஸ் சபை அதற்குத் தடையிட்டது. பறத்தல் தம் தொழிலுக்கு வேண்டியதென விண்ணப்பதாரர் காட்ட வேண்டியதாயிற்று. பொதுப்பணத்தைக் காக்கும் நியாயமான ஏற்பாடு அது.

1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனை வேறு வகையானது. பயிற்சிக் கட்டணத்தில் 90 வீதத்தை அது ஏற்றது. ஆனால், தொடக்கநிலை அநுமதிப் பத்திரத்தையோ, அதற்குரிய மணித்தியாலப் பயிற்சியையோ மாணவன் முன்னரே பெற்றிருத்தல் வேண்டும். அம்முதற் பயிற்சிக்கு அவன் தன் பணத்தையே செலவிட வேண்டியிருந்தது. வறியவன் கால்வைக்க இயலாத படி அதுவே. 1939ஆம் ஆண்டுத் திட்டம் செலவை ஏற்றதும் அந்தப் படிக்கே.