வேட்பாளரின் மதமும் தனித்தொகுதியின் வாசலும்

அன்றைய மைசூர் மாநிலத்தின் கோலார் தங்கவயல் தனித்தொகுதியில் 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் எஸ். ராஜகோபால் வெற்றி பெற்றார். ஆதிதிராவிடராகப் பிறந்து, 1949-இல் கிறித்தவம் தழுவியவர் அவர். இந்து மதத்திற்குத் திரும்பிய பின் அவர் மீண்டும் ஆதிதிராவிட சாதியைச் சேர்ந்தவரானார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, உச்ச நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்றது. 1972-இல் அதே தொகுதியில் அவர் மீண்டும் வென்றார். இம்முறை, இந்துவாகத் திரும்பிய அவரை ஆதிதிராவிட சமூகம் ஏற்றுக்கொண்டுள்ளது என்று கண்டு, அதே நீதிமன்றம் வெற்றியை உறுதி செய்தது. இரு முறையும் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர். மதம் மாறித் திரும்பிய அவருடைய சாதி குறித்த நீதிமன்றத்தின் முடிவு மட்டும் மாறியிருந்தது.

வேட்பாளரின் மதத்தை வாக்காளர் பொருட்படுத்த வேண்டுமா என்ற விவாதம் ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது. பெரும்பாலும் அது வாக்காளரின் மனப்பான்மை பற்றிய விவாதமாகவே முடிகிறது. தலித் வேட்பாளரைப் பொறுத்தவரை, வாக்காளர் கேட்பதற்கு முன்பே சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறது என்பது அதில் பேசப்படுவதில்லை.

பொதுத்தொகுதியில்

நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினராவதற்கு அரசமைப்புச் சட்டத்தின் 84, 173 ஆகிய பிரிவுகள் குடியுரிமை, வயது, உறுதிமொழி போன்ற தகுதிகளையே கோருகின்றன. மதம் அவற்றுள் இல்லை. உறுதிமொழியைக்கூடக் கடவுளின் பெயரால் எடுக்கலாம். கடவுளைக் குறிப்பிடாமலும் எடுக்கலாம். நாத்திகருக்கும் அவையில் இடமுண்டு.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 123(3) பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பேரால் வாக்குக் கேட்பதோ, வாக்களிக்க வேண்டாம் என்று கேட்பதோ ஊழல் நடவடிக்கை ஆகும். நிரூபிக்கப்பட்டால் வெற்றியே ரத்தாகும். அபிராம் சிங் வழக்கில் 2017-இல் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, வேட்பாளரின் மதத்தோடு வாக்காளரின் மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதும் இத்தடைக்குள் வரும் என்று நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. சாதியாலும் மதத்தாலும் ஒடுக்கப்பட்டோர் தம் துயரைத் தேர்தல் மேடையில் பேசுவதை இத்தடை முடக்கிவிடக் கூடாது என்பது சிறுபான்மைத் தீர்ப்பின் கவலை. அது நம்முடைய கவலையும்கூட.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சட்டம் கட்டுப்படுத்துவது வாக்குக் கேட்பவரை மட்டுமே. வாக்குச்சாவடித் திரைக்குப் பின்னால் வாக்காளர் எதை எண்ணி வாக்களிக்கிறார் என்பதைச் சட்டம் கேட்பதில்லை; கேட்கவும் கூடாது.

தனித்தொகுதியில்

மக்களவையின் 543 தொகுதிகளுள் 84 தொகுதிகளும், தமிழ்நாடு சட்டமன்றத்தின் 234 தொகுதிகளுள் 44 தொகுதிகளும் பட்டியல் சாதியினருக்கானவை. இவற்றில் நிற்பவர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும். யார் பட்டியல் சாதியினர் என்பதை 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தீர்மானிக்கிறது. அதன் மூன்றாம் பத்தி மத நிபந்தனை விதிக்கிறது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்ட பின், இன்று இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்த தலித்துகளுக்கு மட்டுமே அந்தத் தகுதி உண்டு. தலித் கிறித்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் இல்லை.

அம்பேத்கர் 1956-இல் நாக்பூரில் பௌத்தம் தழுவினார். இலட்சக்கணக்கானோர் அவரைப் பின்பற்றினர். மகாராஷ்டிரத்தில் 1962-இல் தனித்தொகுதியில் வென்ற மேஷ்ராம் என்பவரின் வெற்றி, அவர் பௌத்தர் என்பதற்காகவே 1964-இல் உச்ச நீதிமன்றத்தில் செல்லாததாயிற்று. சாதியிலிருந்து விடுதலை தேடிச் சென்றவர்கள், அதற்கான விலையாக அரசியல் உரிமையை இழந்தனர்.

இது பழங்கதை அன்று. கேரளத்தின் தேவிகுளம் தனித்தொகுதியில் 2021-இல் வென்ற அ. ராஜாவின் வெற்றியை, அவர் கிறித்தவர் என்று கண்டு 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தேவாலயப் பதிவேடுகளும் திருமணப் புகைப்படங்களும் அங்கே ஆராயப்பட்டன. 2025-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, அவர் வெற்றி செல்லும் என்றது. அவர் பதவி தப்பியது. ஆனால், ஒரு மக்கள் பிரதிநிதியின் திருமண ஆல்பம் நீதிமன்றச் சான்றாகும் நிலை அப்படியே இருக்கிறது. தேவாலயத்தில் திருமணம் செய்தால் சாதிச் சான்றிதழ் போய்விடுமா என்று என்னிடம் கேட்கும் இளைஞர்களின் அச்சம் இங்கிருந்தே பிறக்கிறது.

மதம் மாறினால் சாதி மாறுமா?

மூன்றாம் பத்தியின் அடிப்படை ஓர் அனுமானம்: தீண்டாமை இந்து மதத்தில் மட்டுமே உண்டு, அதைவிட்டு வெளியேறியவரைத் தீண்டாமை தொடராது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களைப் பிரித்து நிற்கும் சுவர் இதற்குப் பதில் சொல்லும். இறந்த பின்னும் தொடரும் சாதியை, சட்டம் ஞானஸ்நானத்தோடு மறைந்துவிட்டதாகக் கருதுகிறது. தங்கவயல் வழக்கின் இரண்டாவது தீர்ப்பிலேயே, மதம் மாறினால் சாதி கட்டாயம் போய்விடும் என்று பொது விதி வகுக்க முடியாது என உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது.

பழங்குடியினருக்கு இத்தகைய மத நிபந்தனை இல்லை. கிறித்தவரான ஒரு பழங்குடியினர் பழங்குடித் தொகுதியில் தடையின்றி நிற்கலாம். ஆகவே, மதத்தைப் பொருட்படுத்தாமல் இட ஒதுக்கீட்டை நடத்த முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. மூன்றாம் பத்தியை நீக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2023-இல் தீர்மானம் நிறைவேற்றியது.

இதில் நம் மக்களுக்குள்ளேயே ஓர் ஐயம் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. கல்வியில் முன்னேறிய தலித் கிறித்தவர்கள் உள்ளே வந்தால் இருக்கும் பங்கும் பறிபோகாதா என்பதே அந்த ஐயம். கேட்க வேண்டிய கேள்விதான். மக்கள்தொகை கூடும்போது ஒதுக்கீட்டின் அளவையும் கூட்டக் கோருவதே அதற்கான விடை. ஒரே தெருவில் ஒரே இழிவைச் சந்திப்போரை வழிபாட்டிடத்தைக் கொண்டு பிரிப்பது விடையாகாது.

வாக்காளர் கேட்க வேண்டியவை

"அவர் உள்ளுக்குள் கிறித்தவராமே" என்ற முணுமுணுப்பு தேர்தல் காலத்தில் நம் தெருக்களுக்கும் வருகிறது. பெரும்பாலும் அதைக் கிளப்புவோரின் நோக்கம், தேர்ந்தெடுக்கப்படக்கூடிய ஒரு தலித் தலைவரை வீழ்த்துவதே. அந்த முணுமுணுப்பை நாம் சுமந்து செல்ல வேண்டியதில்லை.

அதே வேளையில், மதம் சார்ந்த எதையும் கேட்கக் கூடாது என்பதும் சரியன்று. வேட்பாளர் எங்கே வழிபடுகிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். கோயில் நுழைவு மறுக்கப்படும் ஊரில் அவர் யார் பக்கம் நின்றார், கல்லறைச் சுவரைப் பற்றி என்ன சொன்னார் என்பவை பொது விஷயங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் காவல் நிலையத்திற்கு வந்தாரா? பஞ்சமி நில மீட்புக்கு அவையில் குரல் எழுப்பினாரா? மூன்றாம் பத்தியை நீக்க ஆதரவளிப்பாரா? எந்த மதத்தவராயினும் இவற்றுக்கு விடை சொல்லியாக வேண்டும். வாக்குக் கேட்டு வருபவரிடம் முதலில் இவற்றைக் கேட்போம்.