புரோக்கர் போனை எடுக்கவில்லையா? கம்ப்யூட்டரைத் திறங்கள்!

மகளின் படிப்புக்காக 2023ஆம் ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். முதல் இரண்டு மாதம் அதில் நான் செய்த ஒரே வேலை சீட்டாட்டம்தான். உருப்படியாக ஏதாவது செய்யக் கற்றுக்கொண்டது, ஒரு ரியல் எஸ்டேட் புரோக்கரிடம் 50,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு விழித்தபோதுதான்.

தாம்பரத்துக்கு அப்பால் அரை கிரவுண்டு மனை, அதாவது 1,200 சதுர அடி. "இன்னிக்கு டோக்கன் போடலைன்னா நாளைக்கு வேற பார்ட்டி முடிச்சிடுவாங்க சார்" என்றார் புரோக்கர். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 30,000 ரூபாயை வங்கிக் கணக்கு வழியாகவும், 20,000 ரூபாயை ரொக்கமாகவும் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை. ஒரு வாரத்தில் அக்ரிமெண்ட் என்றார். அடுத்த 41 நாட்களில் 23 முறை போன் செய்தேன். நான்கு முறை மட்டும் எடுத்தார். நான்கு முறையும் நான்கு காரணங்கள்.

ஒருநாள் மகள் கேட்டாள்: "அப்பா, அவர் என்னிக்கு என்ன சொன்னார்னு எங்கேயாவது எழுதி வச்சிருக்கீங்களா?" இல்லை. அன்று மாலை இருவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம். அப்போது செய்ததை உங்களுக்கும் வரிசையாகச் சொல்கிறேன். எல்லாமே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரும் செய்யக்கூடியவைதான்.

முதலில் ஒரு போல்டர்

டாக்குமெண்ட்ஸ் பகுதியில் காலி இடத்தில் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து புதிய போல்டர் ஒன்றை உருவாக்குங்கள். மனை சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அதில் போடுங்கள். புரோக்கரின் விசிட்டிங் கார்டு, அவர் கொடுத்த ஜெராக்ஸ் பிரதிகள் ஆகியவற்றை மொபைலில் படம் எடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். பணம் அனுப்பிய மாதத்தின் வங்கி ஸ்டேட்மெண்ட்டை பிடிஎப் பைலாக டவுன்லோட் செய்யுங்கள்.

பைல்களுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்குங்கள். உதாரணமாக, 2023-08-14-வங்கி. இப்படிப் பெயரிட்டால், பெயர்வாரியாக அடுக்கும்போது பைல்கள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும். இரண்டு ஆண்டு கழித்து யாராவது கேட்டாலும் தேட வேண்டியதில்லை.

எக்ஸெல்லில் ஒரு குறிப்பேடு

எக்ஸெல்லைத் திறந்து ஆறு தலைப்புகள் போடுங்கள்: தேதி, நேரம், போனா நேரிலா, அவர் சொன்னது, அவர் கொடுத்த கெடு, நடந்ததா. எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைப் பயன்படுத்தலாம். மொபைலின் கால் பட்டியலைப் பார்த்துப் பழைய அழைப்புகளையும் நிரப்புங்கள்.

எத்தனை நாள் ஆயிற்று என்று விரலை மடக்கி எண்ண வேண்டாம். காலி செல் ஒன்றில் சமக்குறி போட்டு, இன்றைய தேதி உள்ள செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, பணம் கொடுத்த தேதி உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். நாட்களின் எண்ணிக்கை வந்துவிடும். எண்ணுக்குப் பதிலாகத் தேதி போல ஏதாவது தெரிந்தால், அந்தச் செல்லின் பார்மட்டை ஜெனரல் என்று மாற்றிவிடுங்கள்.

வாட்ஸ்அப் பேச்சை வெளியே எடுங்கள்

புரோக்கர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறார்கள். அனுப்பியவர் செய்தியை அழிக்கலாம். குறிப்பிட்ட நாளில் தானாக மறையும்படியும் வைக்கலாம். ஆகவே முன்கூட்டியே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். மொபைலில் அவருடைய பக்கத்தைத் திறந்து, மெனுவில் எக்ஸ்போர்ட் சாட் என்பதைத் தேர்ந்தெடுத்து உங்கள் ஈமெயிலுக்கே அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் அது சாதாரண டெக்ஸ்ட் பைலாக நோட்பேடில் திறக்கும். கண்ட்ரோல், எப் பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் எந்தச் சொல்லையும் தேடலாம்.

ஒரு எச்சரிக்கை. பிரதி எடுத்துவிட்டோம் என்று மொபைலில் உள்ள மூலத்தை அழித்துவிடாதீர்கள். எலக்ட்ரானிக் பதிவின் பிரதியை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63வது பிரிவின்படி சான்றிதழும் இணைக்க வேண்டும். மூலம் கையில் இருந்தால் அந்த வேலை சுலபம்.

சொன்னதெல்லாம் உண்மையா?

அடுத்து, புரோக்கர் வாயால் சொன்னதை அரசின் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு மூன்று இணையதளங்கள் உள்ளன. பிரவுசரில் முகவரி டாட் கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதே போலத் தோன்றும் தனியார் தளங்களும் உண்டு.

ஒன்று, பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளம். இதில் வில்லங்கச் சான்று பகுதிக்குச் சென்று மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பவற்றைக் கொடுத்தால், அந்த நிலத்தின் மீது பதிவான ஆவணங்கள் வரிசையாக வரும். கட்டணமில்லாமல் பார்வையிடலாம். பிடிஎப்பாக எடுத்து போல்டரில் போடுங்கள். கிரயம் யாரிடமிருந்து யாருக்கு, அடமானம் இருக்கிறதா, இருந்தால் அதைத் தீர்த்த ரசீது ஆவணம் பின்னால் வருகிறதா என்று பாருங்கள். பதிவு செய்யப்படாத ஒப்பந்தம் இதில் தெரியாது. அதனால் மூலப்பத்திரத்தை நேரில் பார்ப்பதும் அவசியம்.

இரண்டு, வருவாய்த்துறையின் இ-சர்வீசஸ் தளம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து, மொபைலுக்கு வரும் ஓடிபி எண்ணைத் தட்டினால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். நிலத்தின் வரைபடமும் கிடைக்கும்.

மூன்று, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளம். ரெரா என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பதிவு செய்த மனைப்பிரிவுகள், அடுக்குமாடிகள், ஏஜெண்டுகள் என்று தனித்தனிப் பட்டியல்கள் இருக்கும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் 9வது பிரிவின்படி, பதிவுக்கு உட்பட்ட திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத்தரும் ஏஜெண்டும் தன்னைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

எங்கள் விஷயத்தில் என்ன வந்தது தெரியுமா? "எந்த வில்லங்கமும் இல்ல சார்" என்று அவர் சொன்ன மனைக்கு 2021ஆம் ஆண்டில் ஓர் அடமானப் பதிவு இருந்தது. ரசீது ஆவணம் இல்லை. விசிட்டிங் கார்டில் இருந்த ரெரா எண்ணைத் தேடினால், அதில் வேறொருவர் பெயர்! இத்தனையும் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழித்திருக்கலாமே என்று மனைவி சொன்னபோது என்னிடம் பதில் இல்லை.

போன் வேண்டாம், கடிதம் எழுதுங்கள்

இவ்வளவும் கையில் வந்த பிறகு போனில் சத்தம் போடத் தோன்றும். போடாதீர்கள். வேர்டில் ஒரே பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தீர்கள், அவர் என்ன சொன்னார், பதிவுகளில் என்ன இருக்கிறது, எந்தத் தேதிக்குள் பணம் திரும்ப வேண்டும், இவ்வளவுதான். கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். 15 நாள் கெடு கொடுக்கலாம்.

இதை பிடிஎப்பாக மாற்றி, வில்லங்கச் சான்றையும் இணைத்து ஈமெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். அச்செடுத்துக் கையெழுத்திட்டு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். தபால் ரசீதில் உள்ள 13 இலக்க எண்ணை இந்திய அஞ்சல் துறையின் தளத்தில் கொடுத்தால் கடிதம் சேர்ந்த தேதி தெரியும். அந்தப் பக்கத்தில் கண்ட்ரோல், பி அழுத்தி, பிரிண்டர் பெயருக்குப் பதிலாக பிடிஎப் என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேவ் செய்துகொள்ளுங்கள்.

எங்கள் கடிதம் போய்ச் சேர்ந்த நான்காம் நாள், 41 நாட்களாகப் பேசாதவர் தானே போன் செய்தார்!

அதற்கும் அசையவில்லை என்றால்

பதிவுக்கு உட்பட்ட திட்டம் என்றால், சட்டத்தின் 31வது பிரிவின்படி ரெரா ஆணையத்தில் புகார் செய்யலாம். தளத்திலேயே அதற்கான வழி இருக்கிறது. பதிவு இல்லாமலோ விதிகளை மீறியோ செயல்படும் ஏஜெண்டுக்கு 62வது பிரிவின்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் என்று, சொத்து மதிப்பில் 5 சதவிகிதம் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

ஆனால் தனிநபரிடமிருந்து பழைய மனையோ வீடோ வாங்கும் எல்லாப் பேரமும் ரெராவுக்குள் வராது. என்னுடையதும் அப்படித்தான். கமிஷன் வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். வழக்கையும் வீட்டிலிருந்தே இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் தாக்கல் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். ஏமாற்றும் நோக்கம் வெளிப்படையாகத் தெரிந்தால் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எங்கே போனாலும் அந்த போல்டர்தான் உங்களுக்காகப் பேசும்.

பணம் வந்ததா?

வங்கி வழியாகக் கொடுத்த 30,000 ரூபாய் இரண்டு தவணைகளில் திரும்பி வந்தது. ரொக்கமாகக் கொடுத்த 20,000 ரூபாயைக் கேட்டால், "கேஷா? எப்போ சார் குடுத்தீங்க?" என்றார். வாட்ஸ்அப் பைலில் தேடினேன். "அமவுண்ட் கிடைச்சுது சார்" என்று ஒரு வரி இருந்தது. தொகை இல்லை. அது வங்கியில் வந்த 30,000 ரூபாய்க்குச் சொன்னது என்று சாதித்துவிட்டார். பதிவு இருந்த பணம் வந்தது. பதிவு இல்லாத பணம் போயே போய்விட்டது.

எனவே ரொக்கமாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அந்த இடத்திலேயே கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். "இன்ன தேதியில் ரொக்கமாக 20,000 ரூபாய் கொடுத்தேன்" என்று மெசேஜும் அனுப்பி, பதில் வரும் வரை நகராதீர்கள்.

சங்கிலியை மீட்டுவிட்டோம். மனை இன்னும் வாங்கவில்லை. இப்போது எந்தப் புரோக்கர் வந்தாலும் மனைவி முதலில் கேட்பது சர்வே எண்ணைத்தான். அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த பிறகுதான் அவருக்குக் காபியே!