விமானப் பயணத்தில் சமைக்காத உணவு

விமானப் பயணத்தில் சமைக்காத உணவு என்பது பழம், காய், கொட்டைகள், உலர்பழம், அவல் போன்று அடுப்பு தேவைப்படாத உணவுகளை வீட்டிலிருந்தே கட்டி எடுத்துச் சென்று பயணத்தின்போது உண்பதைக் குறிக்கும். நீரிழிவு உள்ளவர்கள், சைவ உணவினர், குழந்தைகளுடன் செல்வோர், எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்க்க விரும்புவோர் ஆகியோருக்கு இது பயன்படுகிறது. சமைக்காத உணவு மூன்று தடைகளைக் கடக்க வேண்டும். அவை புறப்படும் நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை, வழியில் கழியும் நேரம், இறங்கும் நாட்டின் தாவர நோய்த் தடுப்புச் சட்டம் என்பனவாகும்.

பாதுகாப்புச் சோதனை

2006 ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தில் திரவ வெடிபொருள்களால் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்னரே, பன்னாட்டு விமானங்களில் திரவங்களை 100 மில்லி லிட்டருக்கு மேற்படாத கலன்களில் மட்டும் கைப்பையில் கொண்டு செல்லலாம் என்ற விதி பரவியது. தயிர், சட்னி, தேன், நிலக்கடலை வெண்ணெய், எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் ஆகியவையும் இவ்விதியின்படி திரவம் அல்லது கூழ் என்றே கருதப்படுகின்றன. முழுப் பழம், நறுக்கிய காய், கொட்டைகள் போன்ற திட உணவுகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. புதிய வகைச் சோதனைக் கருவிகள் உள்ள சில விமான நிலையங்களில் திரவ விதி தளர்த்தப்பட்டுள்ளது. ஆயினும் இடையில் விமானம் மாறுவோருக்கு அந்த இடைநிலையத்தின் விதியே பொருந்தும்.

கத்திக்குக் கைப்பையில் அனுமதி இல்லை. எனவே மாம்பழம், அன்னாசி போன்று வெட்டி உண்ண வேண்டியவை பயணத்திற்கு ஏற்றவை அல்ல. வெறும் தண்ணீர்ப் புட்டியைக் கொண்டு சென்று, சோதனை முடிந்த பின் உள்ளே நிரப்பிக் கொள்ளலாம்.

தேங்காய்க்குத் தனி விதி உண்டு. எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானாகச் சூடேறித் தீப்பற்றக் கூடியது என்பதால் விமானப் போக்குவரத்தில் அது ஆபத்தான பொருள்களின் பட்டியலில் உள்ளது. இந்தியாவில் முழுத் தேங்காயும் கைப்பையில் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்கள் இருமுடியில் தேங்காய் கொண்டு செல்ல, 2023 ஜனவரி 20 வரை சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் சிறப்பு அனுமதி வழங்கியது இதற்கு விலக்காகும்.

நேரமும் வெப்பமும்

நோய்க்கிருமிகள் 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் வேகமாகப் பெருகும். நறுக்கிய பழம், ஊறவைத்த பருப்பு போன்ற எளிதில் கெடும் உணவுகளை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்திற்கு மேல் வைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பின் அடிப்படை விதி. வெப்பம் 32 பாகைக்கு மேல் இருந்தால் இது 1 மணி நேரமாகக் குறைகிறது.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வீட்டிலிருந்து நிலையத்திற்கு 1 மணி நேரம், புறப்பாட்டிற்கு முன் 3 மணி நேரம், பறப்பதற்கு ஏறத்தாழ 4 மணி நேரம் என மொத்தம் 8 மணி நேரம் ஆகிறது. குளிர்ச்சியின்றி எடுத்துச் சென்ற தர்ப்பூசணித் துண்டுகள் விமானம் ஏறுவதற்கு முன்பே காலக்கெடுவைக் கடந்துவிடும். தோல் நீக்காத வாழைப்பழத்திற்கோ கமலா ஆரஞ்சிற்கோ இச்சிக்கல் இல்லை. ஆகவே முழுப் பழத்தை எடுத்துச் செல்வதே பாதுகாப்பானது.

நறுக்கியவற்றைக் கொண்டு செல்ல வேண்டுமெனில் குளிர்காப்புப் பையும் உறைந்த குளிர்க்கட்டியும் தேவை. அமெரிக்க விமான நிலையங்களில் குளிர்க்கட்டி சோதனையின்போது முழுவதும் உறைந்திருக்க வேண்டும். உருகியிருந்தால் அதுவும் திரவக் கணக்கில் சேரும்.

முளைகட்டிய பயறு சத்தானதெனினும் நீண்ட பயணத்திற்கு உகந்ததன்று. முளைப்பதற்குத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் ஏற்றவை. 2011ஆம் ஆண்டு ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியே பரவிய ஈ.கோலை தொற்றினால் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

விமானத்தினுள் உடல்நிலை

பறக்கும்போது விமான அறையின் காற்றழுத்தம், ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமமாகும். அழுத்தம் குறையும்போது வாயு விரிவடையும் என்ற விதிப்படி, மூடிய உறைகள் உப்புவதைப் போலவே குடலிலுள்ள வாயுவும் விரிகிறது. பச்சை முட்டைக்கோசு, வெங்காயம், முள்ளங்கி ஆகியவை வயிற்று உப்புசத்தை மிகுவிக்கும். விமான அறையின் காற்று மிகவும் உலர்ந்தது என்பதால் வெள்ளரி, ஆரஞ்சு போன்ற நீர்ச்சத்துள்ளவை நன்மை தரும்.

கட்டும் முறை

* காய், பழங்களை நறுக்குவதற்கு முன்பே கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரம் எஞ்சினால் விரைவில் அழுகும்.
* வெள்ளரித் துண்டுகளில் முன்கூட்டியே உப்புத் தூவினால் சவ்வூடு பரவலால் நீர் வெளியேறித் துவண்டுவிடும். உப்பு, மிளகுத் தூளைத் தனியே காகிதத்தில் மடித்து வைத்து உண்ணும்போது தூவலாம்.
* ஆப்பிள், கொய்யாத் துண்டுகளில் எலுமிச்சைச் சாறு தடவினால் பழுப்பு நிறமாவது தாமதமாகும். கிருமி பெருகுவதை அது தடுக்கும் எனக் கொள்ளக் கூடாது.
* கேரட் துண்டு, வெள்ளரி முதலியவற்றை முதலிலும், முழுப் பழங்களை அடுத்தும், பேரீச்சை, பாதாம், உலர்திராட்சை ஆகியவற்றை இறுதியிலும் உண்ணும் வரிசையில் அடுக்கலாம்.
* அவலையும் நாட்டுச் சர்க்கரையையும் உலர்வாகக் கொண்டு சென்றால், உள்ளே வாங்கிய தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து உண்ணலாம். மரக் கரண்டி ஒன்று போதும்.

இறங்கும் நாட்டின் விதிகள்

ஒரு பழத்தினுள் இருக்கும் பழ ஈயின் புழு, புதிய நாட்டில் தோட்டங்களையே அழிக்கக் கூடும். இதனால் பல நாடுகள் பயணிகளின் பழங்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் உணவுப் பொருள்களைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். நியூசிலாந்தில் மறதியால் பையில் தங்கிய ஒரு பழத்திற்கும் 400 நியூசிலாந்து டாலர் உடனடி அபராதம் விதிக்கப்படலாம். 2018ஆம் ஆண்டு பாரிசிலிருந்து அமெரிக்கா வந்த பயணி ஒருவர், விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பையில் வைத்திருந்ததற்காக 500 டாலர் அபராதத்திற்கு உள்ளானார்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பர் 14 முதல் அன்னாசி, தேங்காய், டுரியான், வாழை, பேரீச்சை ஆகிய ஐந்து பழங்களை மட்டுமே தாவர நலச் சான்றிதழ் இன்றி வெளிநாடுகளிலிருந்து கொண்டு வரலாம்.

எனவே இறங்குவதற்குள் உண்டு முடிக்கக்கூடிய அளவே எடுத்துச் செல்வது நல்லது. தரையிறங்குமுன் கைப்பை, முன்னிருக்கைப் பை, குழந்தைகளின் பை ஆகியவற்றைச் சரிபார்த்து, மிஞ்சிய பழம், தோல், விதைகளை விமானத்திலேயே விட்டுவிட வேண்டும். தவறி எடுத்து வந்தால், சோதனைக்கு முன் வைக்கப்பட்டுள்ள தொட்டியில் போடலாம். ஐயம் இருப்பின் படிவத்தில் "உண்டு" எனக் குறித்து அதிகாரியிடம் காட்டலாம். முறையாக அறிவித்த பொருள் அனுமதிக்கப்படாவிட்டாலும் அது பறிமுதல் செய்யப்படுமே தவிர, பொதுவாக அபராதம் விதிக்கப்படுவதில்லை.