மேடை கண்ட காதல்கள் – 14: மாங்கனி இரவின் கடைசிக் காட்சி

ஆனிப் பௌர்ணமியன்று, மாங்கனித் திருவிழாவின்போது, காரைக்கால் கைலாசநாதர் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நிற்பவர்கள் தலையைப் பார்த்துக்கொள்வது நல்லது. சிவனின் பிச்சைக் கோலமான பிச்சாண்டவர் பவளக்கால் சப்பரத்தில் உலா வர, மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கும். ஒருவர் துண்டை விரிக்கிறார்; ஒரு பாட்டி முந்தானையை ஏந்துகிறார்; காலடியில் நசுங்கிய பழத்தில் வழுக்கிக்கொண்டே ஒரு பையன் இன்னொன்றுக்குத் தாவுகிறான். கிடைத்த பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளை வரம் கிடைக்கும் என்று நம்பி வரும் தம்பதிகள் ஏராளம். ஒரு தாம்பத்தியம் முறிந்ததே மாம்பழத்தால்தான் என்பது அந்த நெரிசலில் யாருக்கு நினைவிருக்கும்!

கேமராக்கள் இதோடு மூட்டை கட்டிவிடுகின்றன. நாடகத்தின் உச்சமோ இரவில்தான்.

கதை இதுதான்: கணவன் பரமதத்தன் அனுப்பிய இரண்டு பழங்களில் ஒன்றைப் பசித்து வந்த சிவனடியாருக்குப் படைத்துவிடுகிறாள் புனிதவதி, பின்னாளின் காரைக்கால் அம்மையார். மீதிப் பழத்தைச் சாப்பிட்ட கணவன் இன்னொன்றும் கேட்க, இறைவன் அருளால் ஒரு பழம் வருகிறது. உண்மை தெரிந்ததும் அவனுக்குப் பயம். கப்பல் ஏறியவன் பாண்டிய நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். செய்தி அறிந்த உறவினர்கள் அவளைப் பல்லக்கில் ஏற்றி அவனிடமே கொண்டு வருகிறார்கள்.

இந்த இடத்தில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார் தேர்ந்த இயக்குநர். பரமதத்தன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து முதல் மனைவியின் காலில் விழுகிறான். அவள் அழவில்லை, ஏசவில்லை. அச்சத்தோடு உறவினர் பக்கம் ஒதுங்கி நிற்கிறாள். கேள்வி கேட்பதும் உறவினர்கள்தான். ‘இவள் மானுடப் பெண் அல்ல’ என்கிறான் அவன். அவனைக் கெட்டவனாக்காமல் விட்டதால்தான் காட்சி இத்தனை கனக்கிறது.

ஆனால் திருவிழாவில் இந்தக் காட்சியை நடிப்பவை உற்சவத் திருமேனிகள். உலோகம் எப்படிக் குனியும்? ஊர் அதற்கு இடத்தைப் பயன்படுத்துகிறது. புனிதவதி–பரமதத்தன் திருக்கல்யாணம் அம்மையார் கோயில் பக்கம் நடந்தது. இரண்டாம் திருமணமோ சித்தி விநாயகர் கோயிலில். அன்றிரவு அதுதான் பாண்டிய நாடு! புனிதவதியார் பல்லக்கு அங்கே போய்ச் சேரும்போது, நடந்தே வரக்கூடிய அந்தத் தூரம் ஒரு கடற்பயணமாகிவிடுகிறது. விடிவதற்குள் அம்மையார் பேயுருவில் கயிலைக்குப் புறப்பட்டுவிடுவார்.

சினிமாவுக்கு வேறு சிக்கல். அழகி ஒருத்தி தசையை உதறிப் பேயுருக் கொள்வதைக் காட்டியாக வேண்டும். 1973-இல் ‘காரைக்கால் அம்மையார்’ எடுத்த ஏ.பி. நாகராஜன் நடிகையையே மாற்றினார்: இளம் புனிதவதியாக லட்சுமி, பின்னர் கே.பி. சுந்தராம்பாள். ஒப்பனையை நம்பாமல் குரலை நம்பியது சரியான முடிவு. சுந்தராம்பாள் வாய் திறந்த பிறகு பரமதத்தனை யார் தேடப் போகிறார்கள்?

அம்மையார்கூடத் தேடவில்லை. அவர் பாடியதாகக் கிடைப்பவை 143 பாடல்கள்: அற்புதத் திருவந்தாதி 101, திருவிரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் 22. தம்மைக் ‘காரைக்கால் பேய்’ என்று சொல்லிக்கொள்ளும் அவர், அவற்றில் எங்கும் கணவனைப் பற்றிப் பேசவில்லை. மாம்பழத்தைப் பற்றியும்தான்.

(தொடரும்)