மிச்சிலும் விருந்தும்

எஞ்சிய உணவைக் குறித்தற்குத் தமிழ்மக்கள் ஒரு சொல்லோடு அமையாது இரு சொற்களை வழங்கி வந்துள்ளனர். ஒருவர் உண்டு கழித்த, வாய்பட்ட மிகுதியைப் பெரும்பாலும் எச்சில் என்பர். பிறர்க்கு இட்டபின் பானையிலே தங்கி நிற்பதை மிச்சில் என்பர். முன்னையது விலக்கத்தக்கது, பின்னையதோ போற்றத்தக்கது. விருந்தினரை முன்னர் உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்பவனுடைய நிலத்துக்கு வித்திடவும் வேண்டுமோ என்னும் கருத்தமையத் திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்திலே 85ஆம் குறளை யாத்துள்ளார். ஆங்கு அவர் ஆண்ட சொல் மிச்சில் என்பதே. ஆகவே, எஞ்சிய உணவை உண்டல் இழிவெனக் கருதுவது நமது பழைய கொள்கையன்று என்பது தெளிவு.

பழஞ்சோறு வறியோர்க்கு மட்டும் உரியதெனச் சிலர் எண்ணுவர். பெரும்பாணாற்றுப்படையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் மருதநிலத்துச் சிறுவர், விளைவு நீங்காத வயலிடத்தே வாழும் உழவரின் மக்கள். அவர்கள் பழஞ்சோற்றை வெறுத்து, புதிய அவலை இடித்து உண்ண விரும்பினர் எனப் புலவர் பாடுகின்றார். நெல் மிக்க இல்லத்திலும் பழஞ்சோறு இருந்தது என்பதும், அதனை நாள்தோறும் ஒரே வகையாக இட்டால் பிள்ளைகள் முகஞ்சுளிப்பர் என்பதும் இதனாற் பெறப்படும். எஞ்சியதை மீண்டும் இடுவது எளிது; அதனை விரும்பி உண்ணும்படி ஆக்குவதே அடுக்களைக் கலையாம்.

இனி, பழஞ்சோற்றின் இயல்பைச் சிறிது ஆராய்வாம். சோறு வேகும்போது அதன் மாப்பொருள் நீரை ஏற்றுப் பருத்து நெகிழும். ஆறியபின் அம்மாப்பொருள் மீண்டும் இறுகும். முதல்நாட் சோறு விறைத்திருப்பதற்கும், பாண் மறுநாள் வறண்டு கடினமாவதற்கும் காரணம் பெரும்பாலும் இஃதே. ஈரமும் வெப்பமும் சேரின் அவ்விறுக்கம் தளரும். ஆதலினாலேயே பழைய பாணைச் சிறிது நீர் தெளித்துச் சூடாக்கினால் அது மென்மை பெறுகின்றது. விறைத்த இடியப்பத்தையும் புட்டையும் உதிர்த்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்து, சிறிது நீர் தெளித்துக் கிளறினால் அவை புதிய உணவாகின்றமையும் இதனாலேயே.

சோற்றிலே நீர் ஊற்றி இரவு முழுவதும் வைத்தால் வேறொரு மாற்றம் நிகழும். பாலைத் தயிராக்கும் இனத்தைச் சேர்ந்த பற்றீரியாக்கள் அந்நீரிலே பெருகி அமிலத்தைத் தோற்றுவிக்கும். காலையில் நாம் சுவைக்கும் இளம்புளிப்பு அவ்வமிலத்தின் சுவையே. அது தீங்கு செய்யும் கிருமிகள் பலவற்றின் பெருக்கத்தைத் தடுக்கும். எனினும், நீரிட்டதனால் எல்லாம் நன்றாயிற்று என்று இருந்துவிடல் கூடாது. பசிலசு சீரியசு என்னும் பற்றீரியாவின் வித்திகள் அரிசியிலே உள்ளன. சோறு கொதித்தாலும் அவை முற்றாக அழிவதில்லை. வெதுவெதுப்பான சோற்றை நெடுநேரம் வெளியே வைத்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை விளைக்கும் அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் கெடுவதில்லை. “சூடாக்கிவிட்டேன், இனிப் பயமில்லை” என்று கூறும் தாய்மார் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைத்தலாகாது. குளிர்ச்சாதனப் பெட்டியில் 5 பாகை செல்சியசுக்குக் கீழே வைத்தல் வேண்டும். மீளச் சூடாக்குங்கால் 70 பாகைக்கு மேல் முழுவதும் சூடேறச் செய்தல் வேண்டும் என உலக சுகாதார தாபனம் அறிவுறுத்துகின்றது. பெரிய பானைச் சோறு உள்ளே நெடுநேரம் ஆறாது. ஆகவே அகன்ற தட்டிலே பரப்பி விரைவில் ஆற்றுதல் நன்று. கையும் எச்சிற் கரண்டியும் படாத சோற்றையே எடுத்து வைத்தல் வேண்டும். தீய மணமோ பிசுபிசுப்போ தோன்றின் தயங்காது கொட்டிவிடல் வேண்டும். அதே வேளை, மணம் கெடவில்லை என்பதொன்றே நன்மைக்குச் சான்றாகாது. சிக்கனத்தின் பெயரால் நோயை வாங்குதல் சிக்கனமன்று.

எஞ்சியவற்றை விருந்தாக்கும் முறைகளுள் யாழ்ப்பாணத்துக் குழையலுக்கு ஒப்பானது பிறிதில்லை. பழஞ்சோறு, நேற்றைப் பருப்பு, கத்தரிக்காய்க் கறி, கீரை, நீர் வற்றச் சுண்டவைத்த குழம்பு ஆகியவற்றை ஒரு பெருஞ்சட்டியில் இட்டு, தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைவர். இதன் நுட்பம் மூன்று. புளிப்பு பழையவற்றின் மந்தமான சுவையை எழுப்பும். பச்சை வெங்காயமும் மிளகாயும் புதுமையைத் தரும். தனித்தனியே ஒருவர்க்கும் போதாத கறிகள் ஒன்றுசேர்ந்து யாவர்க்கும் போதுவனவாகும். பிசைந்தவர் உருண்டை பிடித்து, சூழ இருப்போரின் கைகளிலே முறைமுறையாக வைப்பர். தட்டும் இல்லை, பந்தியும் இல்லை, மூத்தோர்க்கும் இளையோர்க்கும் ஒரே உருண்டை.

இதன் பெருமையை யாம் உணர்ந்த நாள் ஒன்றுண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எமது குடும்பமும் அவர்களுடன் நடந்தது. ஒரு வீட்டுத் திண்ணையிலே மூன்று குடும்பங்கள் தங்கின. மறுநாட் காலை, வீட்டுக்காரர் இரவில் நீரிட்டு வைத்திருந்த சோறும், முதல்நாட் கறிகளும், எம்முடன் வந்தோர் ஒருவர் போத்தலிற் கொணர்ந்த ஊறுகாயும் ஒரே சட்டியிற் சேர்ந்தன. எம் அம்மம்மா பிசைந்து எல்லோர்க்கும் உருண்டை வைத்தார். எமது தாயார் வழக்கம்போல், “நான் பிறகு சாப்பிடுகிறேன்” என்று விலகி நின்றார். அம்மம்மா அவரது கையைப் பிடித்து இழுத்து முதலிற் பெரிய உருண்டையை வைத்தார். வீட்டுக்காரரின் பங்கும் அதே அளவினதே. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று அன்று எவராலும் பிரித்துக் கூற முடிந்திராது.

அன்றுவரை எம் வீட்டிலே மிச்சம் என்பது தாயாரின் பங்காகவே இருந்தது. யாவரும் உண்டபின் அடுக்களை மூலையிலே அவர் தனித்திருந்து உண்டதை யாம் ஒருபோதும் கருதிப் பார்த்ததில்லை. மிச்சில் உண்டலை வள்ளுவர் போற்றியது விருந்தோம்புவானுக்குரிய பெருமையாக. அதனை வீட்டிலுள்ள ஒருவர்மேல் மட்டும் நாள்தோறும் சுமத்துவது பெருமையன்று. எஞ்சியது எல்லோர்க்கும் பொதுவாகும்போதே அது விருந்தாகின்றது.

இன்று உணவு வீணாதல் உலகப் பிரச்சினையாகிவிட்டது. ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் 105 கோடி தொன் உணவு வீணாயிற்று. அதில் 60 வீதம் வீடுகளிலே வீணானது. அதே 2022 செப்டெம்பரிலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி நம் நாட்டின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாயிற்று. முன்பு கொட்டப்பட்ட சோற்றின் விலையை அவ்வாண்டிலே பல குடும்பங்கள் அறிந்துகொண்டன.

எம் வகுப்பிலே ஒரு மாணவன் மதிய உணவுப் பெட்டியின் மூடியை நிமிர்த்தி மறைத்து உண்பதை ஒருநாட் கண்டோம். உள்ளே இருந்தது முதல்நாட் புட்டைத் தாளித்த உணவு. யாம் சிறிது கேட்டு வாங்கி உண்டோம், உண்மையிலேயே சுவையாயிருந்தது. மறுநாள் அவன் மூடியைக் கழற்றி ஒருபுறம் வைத்திருந்தான். பக்கத்திலிருந்த இருவரின் கைகள் அப்பெட்டியினுள்ளே இருந்தன.