எடை குறைந்தது, பரிசோதனை குறையலாமா?

உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் பலர், ஓரிரு ஆண்டுகள் வைட்டமின் மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டு, பின்னர் விட்டுவிடுகின்றனர். ஆபத்து அப்போதுதான் ஆரம்பமாகிறது. பி12 வைட்டமினைக் கல்லீரல் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைத்திருக்கிறது. அச்சேமிப்பு தீரும்போதே பாதங்கள் மரத்துப்போதலும் மறதியும் தலைகாட்டும். ஹீமோகுளோபின் சரியாயிருக்கிறதே என்று ஆறுதலடைய வேண்டாம். ஃபோலிக் அமில மாத்திரை இரத்தசோகையை மறைத்துவிடும். நரம்புகளோ தொடர்ந்து பழுதாகும்.

கால்சியம் அளவும் இவ்வாறே ஏமாற்றும். உணவிலிருந்து அது போதிய அளவு சேராதபோது, பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தில் ஈடுகட்டுகிறது. அறிக்கையில் எண் சரியாயிருக்கும், எலும்போ தேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே ஆண்டுதோறும் பி12, ஃபெரிட்டின், வைட்டமின் டி ஆகியவற்றோடு இந்த ஹார்மோனையும் கேட்டுப் பரிசோதியுங்கள். ஆய்வகங்களின் சலுகை விலைத் தொகுப்புகளில் இது அநேகமாக இராது. முடி உதிர்வுக்குப் பயோட்டின் உட்கொள்வோர் இரத்தம் கொடுக்குமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். சில முடிவுகளை அது திரித்துவிடும்.

வேலை நிமித்தம் மும்பையிலிருந்து பெங்களூருக்கு மாறும் நம்மவர்க்கு இன்னொரு சிரமமும் உண்டு. வயிற்றிலுள்ள சிறு தழும்புகளின் காரணம் புதிய மருத்துவருக்குத் தெரியாது. எவ்வகை அறுவை சிகிச்சை என்பதைக் காட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பழைய அறிக்கைகளையும் ஒரே கோப்பில் எடுத்துச் செல்லுங்கள்.